நூல் மூட்டை போட்டிருந்த சட்டை

உடம்பு ஒன்றுதான். அதற்கு டாக்டர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவருக்கும் மற்ற மூவர் இருப்பது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதை அந்த அம்மாள் ஒரு சாதனையாகவே வைத்திருந்தார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜலகண்டாபுரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. கணவர் போன பிறகும் விசைத்தறிகளை ஆள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே மகள், ஓசூரில். தெருவே அவரை அக்கா என்றது. எனக்கு அம்மா வயது, ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். நான் நைட்டி தைத்து ஈரோட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள். அதற்காகப் பழைய கார் ஒன்று வைத்திருந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று அக்காவுக்குத் தெரிந்த நாளோடு என் நிம்மதி போயிற்று.

அவர் வீட்டுக்கு இரண்டு வாசல். முன்வாசல் எங்கள் தெருவில், பின்வாசல் கடைவீதிக்குப் போகும் சந்தில். முன்வாசலில் ஒரு பால்காரர் ஊற்றிவிட்டுப் போவார். அவர் வண்டிச் சத்தம் மறைந்ததும் பின்வாசலில் இன்னொருவர் ஊற்றுவார். இருப்பதோ ஒற்றை ஆள்.

"எதுக்குக்கா ரெண்டு பேரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருத்தன் மாடு வத்திப்போச்சுன்னா காப்பிக்கு என்ன அம்மிணி பண்றது?"

"அதைச் சொல்லிட்டே ரெண்டு பேருகிட்டயும் வாங்கலாம்ல?"

என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார். "சொன்னா ரெண்டு பேருமே தண்ணி ஊத்துவாங்க. நீயெல்லாம் எப்படித்தான் சந்தையில போயி யாவாரம் பண்றயோ."

இந்தப் புத்தி நூல் வியாபாரத்தில் வந்தது. எங்கள் பக்கம் நாலைந்து தறி வைத்திருப்பவர்கள் ஒரே நூல் வியாபாரியிடம் நம்பிக்கையின் பேரில் நூல் எடுப்பார்கள். இன்னொருவரிடமும் எடுப்பது எல்லாரும் செய்வதுதான். அது முதல் ஆளுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஒரு வியாபாரி கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது தறிக்கூடத்தில் இன்னொருவரின் நூல் மூட்டைகள் பெயர் தெரியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மேலே ஒரு பழைய சேலை மூடியிருக்கும். அதற்கும் மேலே தறி ஓட்டுகிறவர் உட்கார்ந்து, பசிக்கிறதோ இல்லையோ, சோறு தின்றுகொண்டிருப்பார்.

ஒரு தடவை சேலை நழுவிவிட்டது. வந்த வியாபாரி பார்த்துவிட்டார். திட்டவில்லை. காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்து, "நெம்ப சந்தோசமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு நூலே அனுப்பவில்லை. சேதி கேள்விப்பட்டு இன்னொருவரும் நிறுத்திவிட்டார். தீபாவளி நெருங்கும் சமயம். தறிகள் அப்படியே நின்றன. அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தறிச் சத்தம் இல்லாமல் கண்ணை மூட முடியவில்லை என்கிற இடம் வந்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். "அன்னைக்கு முடிவு பண்ணினேன் அம்மிணி. ஆரையும் ஆருக்கும் காட்டறதில்லைன்னு."

நூலோடு நிறுத்தியிருந்தால் நான் எதற்கு இதை எழுதப்போகிறேன்.

அவருக்கு வயசுப் பிள்ளையாக இருந்தபோது காசநோய் வந்து குணமாகியிருந்தது. குணமான நோய் சும்மா போகாமல் நுரையீரலில் மூச்சுக்குழாய்களை அங்கங்கே விரித்துத் தொளதொளவென்று ஆக்கிவிட்டுப் போயிருந்தது. அந்தத் தொளதொளப்பில் சளி தேங்கும். தானாக மேலே ஏறி வராது. தேங்கவிட்டால் காய்ச்சல், மூச்சிரைப்பு, ஆஸ்பத்திரி. அதனால் தினமும் காலையும் மாலையும் யாராவது முதுகிலும் விலாவிலும் தட்டி அதை இளக்கி, இருமி வெளியேற்ற வேண்டும் என்றார் சேலத்து நுரையீரல் டாக்டர். அந்த யாராவது நான்தான்.

காலையில் தையல் கூடத்துக்குப் போகும் முன் போவேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார். உள்ளங்கையைக் குவித்துத் தட்டுவேன். தலையணைக்குள்ளிருந்து குரல் வரும். "இன்னும் சித்த கீழ. அதுதான். ஏம்மிணி, தட்டறயா, மாவு பெசையறயா?" நடுநடுவே தலையைத் தூக்கித் தறிக்கூடத்தைப் பார்த்து, "மூணாந்தறி நூலு அந்து கெடக்குது, காது கேக்கலையா?" என்று கத்துவார். என் கை வலித்ததே தவிர அவர் வாய் வலித்ததாக எனக்குத் தெரியவில்லை. மாலையில் யார் தட்டுவது என்று கேட்டேன். "நானே சொவத்துல சாஞ்சு இருமிக்குவேன். உனக்கு எத்தனை செரமம்" என்றார். எனக்கு மனசு உருகிவிட்டது.

பிறகுதான் அந்தச் சட்டை வந்தது. டாக்டர் சொல்ல, மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். பார்க்க மேட்டூர் அணையில் படகில் போகிறவர்கள் போடும் மிதவைச் சட்டைபோல இருக்கும். முன்னால் பட்டைகள், இரண்டு தடித்த குழாய்கள், குழாய்களின் அந்தப் பக்கம் ஒரு பெட்டி. சுவிட்சைப் போட்டால் பெட்டி காற்றை ஊதி ஊதி இழுக்கும். சட்டை உப்பி, நெஞ்சுக்கூட்டையே படபடவென்று உலுக்கும். கொஞ்ச நேரம் உலுக்கியதும் நிறுத்தி இருமித் துப்ப வேண்டும். மறுபடியும் உலுக்க வேண்டும். அக்கா அதற்கு 'ஆட்டற சட்டை' என்று பேர் வைத்தார். "இத்தனை வருசம் தறி ஆட்டுச்சு. இனி இது ஆட்டட்டும்" என்றார்.

சட்டை போட்டுக்கொண்டும் பேச்சை நிறுத்த மாட்டார். குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். ஒருநாள் சட்டை ஆடும்போது நூல் வியாபாரியிடமிருந்து போன் வந்தது. எடுத்து, விலை கட்டுப்படியாகாது என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கேட்டவருக்கு அக்கா விம்மி விம்மி அழுவதாகப் பட்டிருக்கிறது. மனுஷன் பதறிப்போய், "அழுவாதீங்கக்கா, பழைய வெலைக்கே போட்டுக்கறனுங்க" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு அக்கா நூல் பேச வேண்டிய போன்களையெல்லாம் சட்டை போடும் நேரத்துக்கே மாற்றிக்கொண்டார். நுரையீரலுக்கு வந்த கருவியை வைத்து வியாபாரம் பண்ணியவர் தமிழ்நாட்டில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இனி டாக்டர்கள். நுரையீரல் சேலத்தில். சர்க்கரை உள்ளூரில். எலும்பு ஓமலூரில். வயிற்றெரிச்சல் மேட்டூரில். ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பை, ஒவ்வொரு நிறத்தில், நான் தைத்துக் கொடுத்ததுதான். பச்சைப் பையில் நுரையீரல், சிவப்பில் சர்க்கரை என்று மாத்திரையும் எக்ஸ்ரேயும் தனித்தனியாகக் கிடக்கும். ஒரு பையின் மாத்திரை இன்னொரு பைக்குள் எட்டிப் பார்க்காது.

எலும்பு டாக்டர் அவர் எலும்புகள் தேய்ந்து பலமற்றுப் போயிருப்பதாகச் சொல்லி இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்திருந்தார். சேலம் போகும்போது அதைக் கட்டிக்கொண்டுதான் காரில் ஏறுவார். நுரையீரல் ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் பின்சீட்டில் குனிந்து நெளிந்து பெல்ட்டைக் கழற்றி எனக்குப் பக்கத்தில் போடுவார். "பத்தரமா வெய்யி. கண்ணாடியை ஏத்தி உட்டுரு, ஆராச்சும் பாத்துருவாங்க."

"இடுப்பு பெல்ட்டைப் பாத்து ஆருக்கா என்ன நினைக்கப்போறாங்க?"

"இன்னொரு டாக்டரு இருக்காருன்னு நினைப்பாங்க."

உள்ளே அந்த இளம் டாக்டர் நல்ல மாதிரிதான் கேட்பார். "வேற ஏதாவது நோய் இருக்குங்களா? வேற மாத்திரை சாப்பிடறீங்களா?" அக்கா முகம் பச்சைக் குழந்தையாகிவிடும். "ஒண்ணுமில்லீங்க சாமி." வெளியே வந்தால் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, "பாவம், சின்னப் பையன். அவங்கிட்டப் போயி ஓமலூரைப் பத்திப் பேசினா மனசு சங்கடப்படும்ல" என்பார்.

டாக்டர்கள் ஒருவரை ஒருவர் அறியாவிட்டாலும் அவர் உடம்புக்குள் சந்தித்துக்கொண்டார்கள். சாப்பிடும் முன் சட்டை போட வேண்டும் என்று சேலம் சொல்லியிருந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் சர்க்கரை மாத்திரை போட வேண்டும் என்று உள்ளூர் சொல்லியிருந்தது. இரண்டு பேர் பேச்சையும் தட்டாதவர் அக்கா. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சட்டைக்குள் நுழைவார். உலுக்கல், இருமல், நடுவில் நூல் பேரம், பிறகு குளியல். இட்லிக்கு நேரம் எங்கோ போய்விடும். ஒருநாள் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினேன். சட்டை நின்றுவிட்டது. அக்கா நிற்கவில்லை. கைகால் நடுங்க, நெற்றியில் முத்து முத்தாக வியர்த்து, என்னைப் பார்த்து யாரோ மாதிரி விழித்தார். சர்க்கரை கீழே இறங்கிவிட்டது. ஒரு கை நிறையச் சர்க்கரையை அள்ளி அவர் வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "போன்ல பேசிட்டிருந்தனே, அவரு வெலையைச் சொன்னாரா?"

ஒரு டாக்டரிடமாவது சொல்லித் தொலையுங்கள் என்று சண்டை போட்டேன். சொல்லவில்லை. தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். மறுநாள் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு சட்டையைப் போட்டார். சட்டை உலுக்கிய உலுக்கில் நாலு இட்லியும் சட்டினியோடு திரும்பி வந்தன. நெஞ்செரிச்சல் ஒரு வாரம் படுத்தியது. அதற்கு மேட்டூர் மாத்திரை. பிறகு பாதி இட்லி, கால் மணி நேரம் பொறுத்துச் சட்டை என்று சமரசம் ஆனது. எல்லாருக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பேசியது அந்தப் பாதி இட்லிதான்.

ஆடி முடிந்த பிறகு என்னைக் காலையில் வர வேண்டாம் என்றார். "நானே மாட்டிப் பழகிட்டேன். நீ ஆர்டரைப் பாரு." நானும் விட்டுவிட்டேன். காலையில் நான் இட்லி ஊற்றும் நேரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி உறுமும். சரி, போடுகிறார் என்று என் வேலையைப் பார்ப்பேன். சில நாள் கழித்து ஏதோ குறைகிறதே என்று பட்டது. உறுமல் வருகிறது, இருமல் வரவில்லை. அவர் இருமினால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். கரண்டியோடு முன்வாசலைத் தள்ளிக்கொண்டு போனேன்.

கூடத்தில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சட்டை உப்பிக் குலுங்கிக்கொண்டிருந்தது. பட்டையெல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தது. உள்ளே இருந்தது நூல் மூட்டை. அக்கா தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"மூட்டைக்குச் சளி புடிச்சிருக்குதாக்கா?" என்றேன்.

அவருக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. வெண்டைக்காயைக் கீழே வைத்து, இடது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டார். "இங்க ஊசி குத்தறாப்பல வலிக்குது. சட்டை போட்டா உசுரு போகுது. மூட்டைக்குப் போடலைன்னா சத்தம் வராதுல்ல, நீ வந்து வெசனப்படுவே." தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது.

"எலும்பு டாக்டரு தேய்ஞ்சிருக்குதுன்னு சொன்னாரே. விலா விரிசல் விட்டிருக்கும்க்கா. சேலத்து டாக்டருகிட்ட இதைச் சொல்லோணும்."

"சொன்னா ஓமலூரைச் சொல்லோணும்ல" என்றார். காய்ச்சலில் கண் செருகுகிறது, அப்போதும் அவருக்கு அந்தக் கவலைதான். அந்த நிமிஷம் அவரை அடித்திருப்பேன், விலா வலிக்காமல் இருந்திருந்தால்.

நாலு பைகளையும் வாரிக் காரில் போட்டேன். அவரையும் போட்டேன். சேலம் போகும்வரை நான் திட்டியதில் பாதியைக் கேட்டிருப்பார், மீதிக்கு மூச்சு வாங்கவே சரியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் ஊசி. மகள் ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டாள். நுரையீரல் டாக்டர் பிற்பகலில்தான் வருவார் என்றார்கள். வந்தவுடன் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று நான் பைகளோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது தூக்குவாளியில் கஞ்சியோடு பாயம்மா உள்ளே வந்தார். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாயின் மனைவி. நான் அவர்கள் கடையில் நைட்டித் துணி வாங்குவதுண்டு, அவ்வளவுதான் பழக்கம். அவரைப் பார்த்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறவர்கள் அவ்வளவு இறுக்கமாக மூட மாட்டார்கள்.

"நீங்க எப்படிங்க இங்க?" என்றேன்.

"தறிக்காரரு வந்து சொன்னாருங்க. சாயங்காலம் நாந்தானுங்களே சட்டை மாட்டி உடறது. அதுக்கு முன்னாடி தட்டி உட்டதும் நாந்தான். பின்வாசல்ல வந்து பண்ணிட்டுப் போவேன். கொஞ்ச நாளா ஒரு வேளை போட்டாப் போதும்னு டாக்டரு சொல்லிட்டாருன்னாங்க, நானும் நிறுத்திட்டேன்." பாயம்மா தூக்குவாளியை வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "நீங்க எப்படிங்க?"

"காலையில நான்" என்றேன்.

"காலையில நானே இருமிக்கறேன்னு சொன்னாங்களே" என்றார் பாயம்மா.

எனக்கு மனசு பொக்கென்று போய்விட்டது. நாலு டாக்டரும் தெரிந்த ஒரே ஆள் நான் என்று எத்தனை நாள் கர்வப்பட்டிருக்கிறேன். கடைசியில் நானும் ஒரு முன்வாசல் பால்காரிதான்.

"ஈரோட்டுல காட்டற டாக்டருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று பாயம்மா கேட்டார்.

"எந்த ஈரோட்டு டாக்டரு?"

"இருதய டாக்டருங்க. நெஞ்சு தாறுமாறா அடிக்குதுன்னு எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறப்போ நாந்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை குடுத்திருக்காரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எலும்புக்கு ஓமலூரு போறது உங்களுக்குத் தெரியுமா?"

"எலும்புக்கா?"

இரண்டு பேரும் ஒன்றாகக் கட்டிலைப் பார்த்தோம். மூடிய இமை துடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். பின்னால் ஒரு சிஸ்டர், ஆஸ்பத்திரியின் ஆட்டுகிற சட்டையோடு. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "சட்டை ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்றார். அக்கா கண்ணைத் திறந்து, "போடறனுங்க" என்றார்.

"அப்புறமும் இவ்வளவு சளி தேங்கியிருக்கு. அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பார்ப்போம்."

சிஸ்டர் சட்டையைச் சுற்றிப் பட்டையை இழுத்தார். அக்கா முகம் சுருங்கியது. நான் வாயைத் திறந்தேன். பாயம்மாவும் திறந்தார். எங்களிடமிருந்து வருவதைவிடத் தானே சொல்வது மேல் என்று நினைத்தாரோ, பட்டை இழுத்த இழுப்பில் விலா தாங்கவில்லையோ, தெரியாது. ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கினார்.

"நிறுத்தச் சொல்லுங்க சாமி. நானே சொல்லிப்போடறேன்."

சிஸ்டர் கையை எடுத்தார்.

"நான் சட்டை போட்டு நெம்ப நாளாச்சுங்க. மூட்டைக்குத்தான் போட்டேன்."

"எந்த மூட்டைக்கு?"

"நூல் மூட்டைக்குங்க."

சிஸ்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை, பக்கத்தில் வந்து நின்றார். அக்கா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "விலா வலிக்குதுங்க. எலும்பு தேய்ஞ்சு போச்சுன்னு ஓமலூர்ல காட்டறனுங்க. சக்கரைக்கு எங்கூர்லயே ஒருத்தரு. வயித்துக்கு மேட்டூரு. இருதயத்துக்கு ஈரோடு, ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை தின்னுட்டிருக்கேன்." நிறுத்தினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டார். "இன்னொண்ணு இருக்குதுங்க. அது இவங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. காறித் துப்பினா ரத்தம் வருதுங்க."

"எப்போ இருந்து?"

"ஆடி நோம்பியில இருந்துங்க. குழாயைத் தொறந்து உட்டு அலசிப்போடுவேன். பயமா இருந்துச்சுங்க."

பயம் என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தக் குழாய்ச் சத்தத்தையும் என் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தினமும் கேட்டிருக்கிறேன்.

டாக்டர் சிஸ்டரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றினார். மெதுவாக, வலிக்காமல் கழற்றினார். சட்டை முழுவதும் கழன்ற பிறகு அக்கா கேட்டார். "இனி நீங்க என்னைப் பாக்க மாட்டீங்களா சாமி?"

"ஏன் பார்க்க மாட்டேன்?"

"அத்தனை பேருகிட்டப் போனவளாச்சுங்களே. தெரிஞ்சா உட்டுருவீங்கன்னுதான் சொல்லல."

டாக்டர் சட்டையைச் சிஸ்டரிடம் கொடுத்தார். "யாரும் விட மாட்டோம்மா. எனக்கு அவங்க அத்தனை பேருகிட்டயும் பேசணும்" என்றார். நான் பைகளை நீட்டினேன். பாயம்மாவும் தன் கூடைக்குள்ளிருந்து ஒரு பை எடுத்து நீட்டினார். அதுவும் என் தையல்தான். மிச்சத் துணியில் பாவாடை நாடா வைத்துத் தைத்த பை. சில்லறைக் காசு போட்டுக்கொள்ள என்று சொல்லி அக்கா என்னிடம் வாங்கியிருந்தார்.

வராந்தாவில் டாக்டர் எங்களிடம் பட்டென்று சொன்னார். விலா எலும்பில் விரிசல், ரத்தம் உறையாத மாத்திரை, சளியில் ரத்தம், இதற்கு மேல் அழுத்தத்தைக் கூட்டி உலுக்கியிருந்தால் உள்ளே ரத்தம் பெருகியிருக்கும், நிறுத்துவது கஷ்டம். பாயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் இத்தனை சுலபமா என்று வயிறெரியும்படி நடந்தது. டாக்டர்கள் போனில் பேசிக்கொண்டார்கள். ஈரோட்டுக்காரர் மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பிறகு அளவை மாற்றினார். விலா கூடும்வரை சட்டைக்கு ஓய்வு. அதுவரை மூச்சை ஆழமாக இழுத்து வாயைத் திறந்து 'ஹா' என்று விட்டுச் சளியை ஏற்றிக் கொண்டுவரும் பயிற்சி. ரத்தம் நின்று விலா கூடிய பிறகு சட்டை, ஆனால் குறைந்த அழுத்தத்தில். முதலில் சட்டை, அதற்குப் பிறகு சர்க்கரை மாத்திரை, உடனே சாப்பாடு. பாதி இட்லி பஞ்சாயத்து அதோடு முடிந்தது. நாங்கள் நாமக்கல்லுக்கு வீடு மாறும்வரை அப்படித்தான் ஓடியது. நூல் வியாபாரிகளிடம் மட்டும் அவர் திருந்தவில்லை.

ஆனால் எனக்கு மனசில் நிற்பது அன்றைக்கு டாக்டர் போன பிறகு நடந்ததுதான். நானும் பாயம்மாவும் வராந்தாவிலிருந்து உள்ளே வந்தோம். அக்கா எங்களைப் பார்க்கவில்லை. ஆக்சிஜன் குழாயைச் சரி செய்வதுபோல் மூக்கையே தடவிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. இத்தனை வருஷம் தட்டிய கை இது, என்னிடமுமா மறைப்பார் என்று இருந்தது. பாயம்மாவுக்கும் அதுதான். முகம் சிவந்து கிடந்தது.

"ரெண்டு பேரும் போயிருவீங்களா?" என்றார் அக்கா. குரல் மெலிந்திருந்தது. இந்தத் தடவை எந்தப் பெட்டியும் ஆட்டவில்லை, குரல் தானாக நடுங்கியது.

பாயம்மா கஞ்சியைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டு போய்க் கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். நான் இன்னொரு ஓரத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகுக்குக் கை கொடுத்து நிமிர்த்தினேன். கட்டில் கிறீச்சென்றது.

அக்கா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"மெல்ல உக்காருங்கடி. ஒடைஞ்சா பில்லுல போட்டுருவாங்க."

நாங்கள் எழுந்திருக்கவில்லை.